இடது செருப்பின் தேய்மானம்

சாவியம்மாவிடம் ஒரு திட்டாவது வாங்காமல் எவரும் அந்த ஓவியரின் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. வாசலில் ஒரு கூடை நிறையத் துணி உறைகள் வைத்திருப்பார்கள். ஓரத்தில் ரப்பர் நாடா வைத்துத் தைத்தவை. ஓவியர் நடந்த மரத்தரையில் கண்ட மண்ணும் ஒட்டக்கூடாது என்பதற்காகக் காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ள வேண்டியவை. பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காக வந்த ஒரு தம்பி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் துறைத்தலைவர் கொடுத்த கடிதமுமாக, அந்த உறைகளில் ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தான்.

"தம்பி, அது காலுக்கு," என்றார் சாவியம்மா. "உங்க தலையில இருந்து ஒண்ணும் கொட்டிடாது, பயப்படாதீங்க."

அந்தத் தம்பி நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்ற பெருமையை அதுவரை நிமிர்ந்தே சுமந்துகொண்டிருந்தேன். அன்று அது கொஞ்சம் கோணிப்போனது. இனி இந்தக் கதையில் சாவியம்மாவின் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் எனக்கு இடம். அவர் என்னை 'ஆராய்ச்சி' என்றே கூப்பிட்டார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். நான் கூட இல்லாத இடங்களில் நடந்ததெல்லாம் பின்னால் அவரும் அவர் கணவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னவை.

சாவியம்மா நினைவில்லமாகிவிட்ட அந்த வீட்டின் உள்பக்கக் காப்பாளர். இடுப்பில் ஒரு வளையமும் அதில் பதினோரு சாவிகளும் இருக்கும். எந்தச் சாவியிலும் எண்ணோ சீட்டோ கிடையாது. எது எந்தப் பூட்டுக்கு என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். காலை ஏழரைக்கு வந்து ஒவ்வொரு அறையாகத் திறப்பார். திரைச்சீலையைப் பாதிதான் விலக்குவார், முழு வெயில் பட்டால் மெத்தை விரிப்பு வெளுத்துப் போகும். துடைப்பம் எடுத்தால் தூசி எழும்பும் என்பதால் ஈரத்துணி மட்டும். ஓவியச் சட்டங்களுக்கு ஒரு மென்மயிர்த் தூரிகை. ஜாடியில் முப்பத்தேழு தூரிகைகள் இருக்கின்றனவா என்று எண்ணுவார். நாலு பத்துக்கு நின்றுபோன கடிகாரத்தை, அது இன்றும் நின்றுதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

ஏனென்றால் அந்த வீட்டின் சட்டமே அதுதான். ஓவியர் இப்போதுதான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்பது போலவே எல்லாம் இருக்க வேண்டும். அவர் போய் நாற்பது வருஷம் ஆயிற்று என்பது வேறு விஷயம். தோட்டத்திலும் இதே கதைதான். ஓவியர் திரும்பத் திரும்ப வரைந்த நீலக்கதவு, குளம், குளத்தங்கரையில் சாய்ந்து நிற்கும் மரம் எல்லாம் படத்தில் உள்ளபடியே இருந்தாக வேண்டும். படத்தில் சாய்ந்திருக்கிற மரம் நேரில் நிமிரப் பார்த்தால் தோட்டக்காரர் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்து வைப்பார். பெஞ்சைச் சுற்றியும் கயிறுதான். ஓவியர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரக்கூடாது.

படுக்கையறை மேஜையில் ஒரு நாவல் திறந்து கிடக்கும். அதன்மேல் ஓவியரின் மூக்குக்கண்ணாடி. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் நூற்றுப் பதிமூன்றாம் பக்கமும் தெரியும். தினமும் தூசி தட்டித் தட்டி அந்த இரண்டு பக்கமும் சாவியம்மாவுக்கு மனப்பாடம். ஒரு பெண் ஜன்னல் ஓரம் நின்று, தனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். கடைசி வரியில் உறையின் ஓரத்தைக் கிழிக்கிறாள். அதோடு பக்கம் முடிந்துவிடும். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு தடவைகூட அவர் அந்தத் தாளைத் திருப்பியதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, எந்தப் பொருளையும் மாற்ற மாட்டேன், நகர்த்த மாட்டேன், மீறினால் வேலையை விட்டுப் போய்விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொருளை மாற்றிவிட்டார். அதுதான் இந்தக் கதை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் படுக்கையறை ஜன்னலின் கொண்டி தெறித்து, உள்ளே தண்ணீர் அடித்தது. கட்டில் தப்பியது, புத்தகம் தப்பியது. கட்டிலுக்குக் கீழே கால் மிதியடியின் மேல் ஜோடியாக வைத்திருந்த ஓவியரின் பழுப்புத் தோல் செருப்புதான் ஊறிப்போய்விட்டது. சாவியம்மா அதைக் கொண்டுபோய்த் தோட்டத்து மதில்மேல் காய வைத்துவிட்டு, தரையைத் துடைக்க மேலே போனார். திரும்பி வந்து பார்த்தால் மதில்மேல் வலது செருப்பு மட்டும் இருக்கிறது. இடது செருப்பைக் கவ்விக்கொண்டு தோட்டக்காரரின் நாய் நீலக்கதவு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. தோட்டக்காரர் பின்னால் ஓடினார். சாவியம்மா அவருக்குப் பின்னால் ஓடினார். நாய்க்கு அது விளையாட்டு. மாலையில் அது திரும்பி வந்தபோது வாயில் ஒன்றும் இல்லை, முகத்தில் மட்டும் ஒரு திருப்தி.

மறுநாள் காலை பார்வையாளர்கள் வருவார்கள். அன்று இரவு வேலை முடிந்து வாசலில் வந்து நின்ற கணவரின் காலில் சாவியம்மாவின் பார்வை போனது. அவர் பஸ் டிரைவர். அவருடையதும் பழுப்புத் தோல் செருப்புதான். ஏறக்குறைய அதே வார், அதே தையல். கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"ஏங்க, அதைக் கொஞ்சம் கழட்டுங்க," என்றார். அன்றைக்குக் கழற்றியதுதான். டிரைவர் மறுநாள் வெறுங்காலோடு கடைக்குப் போனார்.

மிஞ்சிய அசல் வலது செருப்பைச் சாவியம்மா பழைய தலையணை உறையில் சுற்றி வீட்டு அலமாரியில் வைத்தார். வைக்கும்போதுதான் கவனித்தார். அடிப்பாகம் தேயவே இல்லை. கடைக்காரன் ஒட்டிய அளவுச் சீட்டின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓவியர் அதைப் போட்டதே கிடையாது. யாரோ பரிசாகக் கொடுத்திருப்பார்கள். மனுஷன் போடாத செருப்புக்குப் பதிலாக ஒரு செருப்பு, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார். அப்போது வீட்டுக்குப் பொறுப்பாளராக இருந்த பெரியவர், பொருள் பட்டியலில் 'தோல் செருப்பு, பழுப்பு, ஒரு ஜோடி' என்று இருக்கிறதா, கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

சும்மா கிடந்த செருப்புக்குக் கதை கட்டியது பார்வையாளர்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டிதான். வாய் ஓயாத மனுஷர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கண்ணீர்த் துளி வைக்காமல் விடமாட்டார். ஒரு நாள் அவர் கண்ணில், இடது செருப்பின் குதிகால் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பது பட்டுவிட்டது. அன்றிலிருந்து, ஓவியர் மணிக்கணக்காக இடது காலை ஊன்றி நின்று வரைந்தார், அந்தத் தவத்தின் அடையாளம் பாருங்கள் என்று ஆரம்பித்துவிட்டார். பார்வையாளர்கள் அமைதியாக நின்று பார்ப்பார்கள். ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு.

அந்தக் கதை வீட்டுக்கு வந்த அன்று டிரைவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பத்தொன்பது வருஷம் கிளட்ச் மிதிச்சிருக்கேன். ஒரு பயணியாவது என் காலைப் பார்த்துக் கண் கலங்கியிருப்பானா? என் செருப்புக்கு இருக்கிற மரியாதை எனக்கில்ல," என்றார். அதன் பிறகு கோபம் வந்தால் தட்டை நகர்த்திவிட்டு, நான் போய் அந்த மிதியடி மேலேயே நிற்கிறேன், அப்போதாவது குரல் உயர்த்தாமல் பேசுவாய் என்பார்.

இப்படிப் பதினோரு வருஷம் போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் புதிய பொறுப்பாளர் வந்தார். சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, வாய்க்கு வாய் 'அசல்'. மேடத்துக்கு அசல் என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. அவர் வந்த பிறகு சாவியம்மா செருப்பைத் துடைக்கும்போது மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டே துடைப்பார். அந்த மேடத்திடம் கடிதம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தவன்தான் ஆராய்ச்சி.

ஒன்பது வாரம் இருந்தான். தினமும் இஸ்திரிச் சட்டை. தோட்டத்துச் சேற்றில் மண்டியிட்டு மரத்தின் சாய்வை அளந்துவிட்டு, எழுந்து முதலில் சட்டைக் கையைத்தான் பார்ப்பான். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான் என்று சாவியம்மா முதல் வாரம் முழுக்க அதட்டினார். இரண்டாவது வாரம் அவனே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்தான். மூன்றாவது வாரம் அவருக்கு அவனைப் பிடித்துப் போய்விட்டது. நாலாவது வாரம் அவன் செருப்புக்கு வந்தான்.

அவனுடைய கண்டுபிடிப்பு இதுதான்: ஓவியர் இடது காலில் பாரத்தைப் போட்டு நின்றார். அதனால் அவர் கண் ஒரு பக்கம் சாய்ந்தது. அதனால்தான் அவர் படங்களில் மரமும் கதவும் சாய்ந்திருக்கின்றன. அதற்குச் சாட்சி இந்த இடது குதிகால். செருப்பின் நீளத்தை வைத்து ஓவியரின் உயரத்தைக்கூடக் கணக்குப் போட்டான், ஐந்தடி பதினோரு அங்குலம் வந்தது. கீழே கூடத்தில் மாட்டியிருக்கும் புகைப்படத்தில் ஓவியர் தன் மனைவியின் தோளுக்குத்தான் வருகிறார். புகைப்படத்தில் அவர் கூன் போட்டிருக்கிறார் என்று ஆராய்ச்சி விளக்கம் எழுதினான். படித்தவன் ஒன்றை நம்புவது என்று முடிவு கட்டிவிட்டால் அதற்கு மேல் அவனைத் தடுக்க முடியாது என்பதைச் சாவியம்மா அன்றுதான் பார்த்தார்.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டுக்கொண்டிருந்தவன் துள்ளி எழுந்தான். அடிப்பாகத்துத் தையலில் கருப்பாக ஏதோ பசை இருக்கிறதாம். ஓவியர் தானே குழைத்த கருப்பு வண்ணமாக இருக்கும் என்றான். துளி சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை மேடம் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

அது பஸ்ஸின் கிரீஸ். சாவியம்மாவுக்கு ஓய்வுக்கு இன்னும் சில வருஷங்களே இருந்தன. பரிசோதனையில் தெரிந்தால் சாவி வளையம் போகும், திருட்டுத்தனம் செய்தவள் என்ற பெயரோடு போகும். நாமே சொன்னாலும் வளையம் போகும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் இருக்கிறது.

ஆராய்ச்சி அன்று உற்சாகத்தில் இருந்தான். நாலாம் அத்தியாயம் முழுக்கச் செருப்புதான் என்றான். முகப்பில் நன்றி சொல்லியிருக்கிறேன், கேளுங்கள் என்று பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தான். இந்தச் செருப்பை இத்தனை காலம் கண்போலக் காத்த சாவியம்மா அவர்களுக்கு, என்று இருந்தது. அடுத்து அவனுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னான்.

"ஆராய்ச்சியோட முதல் பக்கத்தை அப்பா லேமினேட் பண்ணி சட்டைப் பையிலயே வச்சிருக்காரும்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எந்தப் பக்கம் நேருன்னு தெரியும். தலைகீழா காட்டவே மாட்டாரு."

சாவியம்மா ஈரத்துணியைப் பிழிந்தார். ஏற்கனவே பிழிந்த துணி, ஒரு சொட்டும் வரவில்லை.

அன்று மாலை வீட்டில் டிரைவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். டிரைவர் வழக்கம்போலச் சிரிக்க ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பேசாமல் இருந்தால் என்ன ஆகும், சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். வேலை போனால் போகட்டும், அந்தப் பையன் புத்தகம் போட்டு ஊரெல்லாம் சிரிக்கும்படி ஆகக்கூடாது என்ற இடத்தில் சாவியம்மா வந்து நின்றார்.

"சொல்லிடு," என்றார் டிரைவர். "ஆனா வரும்போது செருப்பைத் திருப்பி வாங்கிட்டு வந்துடு. அதுக்கப்புறம் வாங்கின ஒண்ணுகூட என் காலுக்கு ஒத்துவரல."

மறுநாள் காலை தலையணை உறையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார் சாவியம்மா. ஆராய்ச்சியைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய், மழையிலிருந்து ஆரம்பித்து நாய், மதில், டிரைவர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். தலையணை உறையைப் பிரித்து அசல் செருப்பைக் காட்டினார். பாதி அளவுச் சீட்டைக் காட்டினார். எண் ஏழு.

ஆராய்ச்சி கயிற்றைத் தாண்டிப் போய் ஓவியரின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். சாவியம்மா திட்டவில்லை. அந்தத் தோட்டத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்தே கேட்டான். "உங்க வீட்டுக்காரர் எந்த ரூட்ல ஓட்டினாரு?"

"மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவு மட்டும் பதினாலு. கிளட்ச்ல இருந்து காலை எடுக்கவே முடியாது."

"அதான்," என்றான் அவன். "தேய்மானம் ரொம்ப சீரா இருந்துச்சு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு." சொல்லிவிட்டு முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான். அழுகிறான் என்று பதறிப்போனார் சாவியம்மா. குனிந்து பார்த்தால் தோள் குலுங்கச் சிரிக்கிறான். கொஞ்சம் அழுகையும் இருந்தது, இல்லாமல் இல்லை. நாலாம் அத்தியாயம் அறுபத்தெட்டுப் பக்கம்.

மேடத்திடம் நானும் வருகிறேன் என்றான். வேண்டாம், செருப்பு என் வீட்டுது, நானே போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாவியம்மா தனியாகப் போனார். மேடத்தின் அலுவலகம் ஓவியர் காலத்தில் சாமான் அறையாக இருந்தது. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலது செருப்பைப் பார்த்தார், கழற்றிவிட்டுச் சாவியம்மாவைப் பார்த்தார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வேற என்னென்ன மாத்தினீங்க?"

"வேற எதையும் மாத்தல மேடம்."

"பதினாலு வருஷம் இதை மறைச்சவங்க சொல்றதை நான் எப்படி நம்பறது?"

சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? நாய்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது.

"மேல மேஜையில ஒரு பொண்ணு கடிதத்தைப் பிரிக்கப் போறா மேடம். இருபத்திரண்டு வருஷமா பிரிக்கப் போறா. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கு உசுரே போவுது. ஒரு தாளைத் திருப்பினா போதும், அறையில யாரும் இருக்க மாட்டாங்க. திருப்பல."

மேடம் கையை நீட்டினார். சாவியம்மா வளையத்தை இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சரிபார்த்து முடிக்கும்வரை வர வேண்டாம் என்றார் மேடம்.

மூன்று நாள் சாவியம்மா வீட்டில் இருந்தார். தன் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் துடைத்தார். டிரைவர் தன் பொருள்களை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துக்கொண்டார், எடுத்தது எடுத்த இடத்தில் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கே மேடமும் ஆராய்ச்சியும் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு பட்டியலில் உள்ள அறுநூற்றுப் பதின்மூன்று பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சீப்பு படத்தில் எந்தக் கோணத்தில் இருந்ததோ அந்தக் கோணத்தில் இருந்தது. நாற்காலியின் நிழல்கூட இடம் மாறவில்லை என்றான் ஆராய்ச்சி. மேல்மாடி ஓவியக்கூடம்தான் திறக்க மறுத்தது. பதினோரு சாவியையும் போட்டுப் பார்த்தார்கள். வழிகாட்டி தோளால் முட்டிப் பார்த்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சாவியைத் தலைகீழாகப் போட்டு, எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அது சாவியம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாலாம் நாள் காலை தோட்டக்காரர் வந்து கூப்பிட்டார். மேடத்தின் ஒரு கையில் எச்சரிக்கைக் கடிதம், மறு கையில் சாவி வளையம். கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வளையத்தைக் கொடுத்தார். டிரைவரின் செருப்பை ஒரு காகிதப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். இனிமேல் மிதியடியின் மேல் அசல் வலது செருப்பு மட்டும் இருக்கும், இன்னொன்று எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நீங்களேதான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் தண்டனை என்றார்.

சாவியம்மா வாசல்படி வரை போனபோது மேடம் கூப்பிட்டார். அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது.

"சரிபார்க்கும்போது அந்தத் தாளைத் திருப்பிட்டேன். ஒரே ஒரு தாள்தான். கடிதத்துல என்ன இருந்ததுன்னு சொல்லட்டுமா?"

சாவியம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். துணி உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்த அதே பார்வை.

"வேணாம் மேடம்," என்றார். "கண்ணாடியைத் திரும்ப அதே இடத்துலதான வச்சீங்க?"

தண்டனை தண்டனையாக நீடிக்கவில்லை. இன்னொன்று எங்கே என்று முதலில் கேட்ட கூட்டத்துக்கு, நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கூட்டம் சிரித்தது. மேலே சொல்லுங்கள் என்றது. ஒரு மாதத்தில் மதிலும் வந்தது, தோட்டக்காரர் ஓடியதும் வந்தது, டிரைவர் வெறுங்காலோடு கடைக்குப் போனதும் வந்தது. கண்ணீர்த் துளியோடு காத்திருக்கும் வழிகாட்டி, இப்போதெல்லாம் படுக்கையறை வந்ததும் தன் முறை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். அது நாலு பத்திலேயே நிற்கிறது.

ஆராய்ச்சியின் நாலாம் அத்தியாயம் குப்பைக்குப் போனது. அந்த இடத்தில், ஒரு வீட்டை அப்படியே வைத்திருப்பதற்கு எத்தனை பேர் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று வேறொரு அத்தியாயம் எழுதினான். அதற்கு ஒன்றரை வருஷம் கூடுதலாக ஆனது. பட்டம் கிடைத்துவிட்டது. அப்பாவின் சட்டைப் பையில் இருப்பது பழைய முதல் பக்கம்தான், புதியதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார்.

சாவியம்மா இப்போதும் அதே வீட்டில்தான் வேலை பார்க்கிறார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் மனைவியைக் காலையில் நீலக்கதவு வரை கொண்டுவந்து விடுகிறார். புத்தகம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்திருக்கிறது.